அன்னாசி மாத்திரையும் அடிக்காத கையும்

அக். 28, செவ்வாய்

விடியும்போதே மழை. சத்துணவுக் கூடத்தின் தகரம் அடுப்புக்கு நேர் மேலே ஒழுகல். பருப்பு மூட்டை மேல் தார்ப்பாய். முட்டை லோடு வரவில்லை. ஹெச்.எம். என்னை முறைக்கிறார். அமைப்பாளர் என்றால் முட்டையும் நானே இட வேண்டும் போலிருக்கிறது.

வாங்க: சுண்ணாம்பு (கல்லறைக்கு), மெழுகுவர்த்தி, சாமந்தி, உளுந்து, அமலுக்கு லுங்கி.

குளிக்கும்போது பார்த்தேன், தொடையில் ஒரு ரத்தக்கட்டு. உள்ளங்கை அகலம், ஓரம் பச்சை. எங்கே இடித்தேன்? நினைவில்லை. போன வாரம் முழங்கையில் ஒன்று. சோற்றுத் தவலையை அணைத்துத் தூக்குவதால் இருக்கும்.

வயிறு பரவாயில்லை. பட்டுக்கோட்டை அண்ணி ரெஜினா கொடுத்த அன்னாசி மாத்திரை வேலை செய்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஒன்று. உப்புசம் போச்சு, ஏப்பம் போச்சு. அன்னாசித் தண்டிலிருந்து எடுக்கிறார்களாம். "கெமிக்கல் இல்ல ஜெசி, வெறும் பழம். முத்தின கறிக்குப் பப்பாளிக்காய் போட்டா வேகுதுல்ல? அதே வேலதான் வயித்துக்குள்ள." தெருக் கிறிஸ்தவர்கள் கூடும் அன்பியக் கூட்டத்தில் ஜெபம் முடிந்ததும் பையைத் திறந்து இதைத்தான் விற்கிறார் அண்ணி. எனக்கு மட்டும் சும்மா.

மா.போ. (நெஞ்சு மாத்திரை போட்டாச்சு. வால்வு மாற்றியதிலிருந்து இது, ரத்தம் கட்டாமல் மெலிதாக ஓட வைக்க. மறந்தால் உயிருக்கு ஆபத்து என்று பயம் காட்டியிருக்கிறார்கள். அதனால்தான் தினம் எழுதுவது.) ரத்த டெஸ்டுக்குத் தஞ்சாவூர் போக வேண்டும். போன மாதமும் போகவில்லை. மழை விடட்டும்.

அக். 30, வியாழன்

மழை. நடவு சமயம். சேற்றில் இறங்கும் டிராக்டருக்கெல்லாம் இரும்புச் சக்கரம் மாட்ட என் வீட்டுக்காரர் அமலின் பட்டறையில் வரிசை. அவர் குரல் ரயில்வே கேட் வரை கேட்கிறது. இன்ஜினோடு போட்டி போட்டுப் பழகின தொண்டை. வீட்டில் உப்பு கேட்டாலும் சண்டை மாதிரிதான். எதிர்வீட்டு அம்மாள் உடனே ஜன்னலைத் திறக்கும். திறக்கட்டும், காற்று வரும்.

சாயந்திரம் வாசல் சேற்றில் கால் வழுக்கியது. மண்டை உடைந்திருக்கும். அமல் பாய்ந்து மேல்கையைப் பிடித்து நிறுத்தினார். கூடவே ஒரு கத்தல், "கண்ண எங்கடி வச்சிருக்க!" எதிர் ஜன்னல் திறந்தது. எனக்குச் சிரிப்பு.

மா.போ.

அக். 31, வெள்ளி

மேல்கையில் நாலு விரலும் அச்சாகப் பதிந்திருக்கிறது. கருநீலம். பிடித்தது ஒரு நொடிதான்.

சமையலர் செல்வி பார்த்துவிட்டாள். கரண்டியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தாள்.

"யாரு டீச்சர்?"

"யாருமில்ல. வழுக்கிட்டேன், அவரு புடிச்சாரு."

"சரிங்க டீச்சர்."

அந்தச் "சரிங்க" எனக்குப் பிடிக்கவில்லை. அவள் புருஷன் உயிரோடிருந்தவரை அவள் முகம் வீங்காத வாரம் கிடையாது. கேட்டால் படித்துறையில் வழுக்கிவிட்டேன் என்பாள். ஊருக்கே தெரியும். நாங்கள் எல்லோரும் "சரி" என்றுதான் சொன்னோம்.

முட்டை வந்தது. பாதி உடைசல்.

நவ. 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

மழை நின்று வெயில். கல்லறைத் தோட்டம் முழுக்கப் புல் முழங்கால் உயரம். பட்டுக்கோட்டையிலிருந்து சேவியர் அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். அம்மா அப்பா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிப்பது எப்போதும் நானும் அண்ணனும்தான். அமல் புல் செதுக்குவார்.

சிலுவையின் உச்சிக்குக் கையைத் தூக்கினேன். அண்ணன் சுண்ணாம்பு மட்டையைக் கீழே போட்டான்.

"என்னாடி இது?"

சொன்னேன். வழுக்கியது, பிடித்தார். அண்ணன் கேட்கவேயில்லை. அண்ணி என் முந்தானையை விலக்கி முதுகைப் பார்த்து, "ஐயோ மாதாவே, இங்கயும் இருக்கு" என்றார். முதுகில் இருப்பது எனக்கே தெரியாது.

"அவன் கை பட்டுச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"பட்டுச்சு, ஆனா..."

அந்த "ஆனா"வுக்குப் பிறகு நான் சொன்னது ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை. தேங்காய் மண்டியில் விலை பேசுகிற ஆள், பாதி வாக்கியத்தில் முடிவு கட்டிவிடுவான்.

அமல் வரப்போரம் புல்லை அள்ளிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்த்த பார்வை. குருவானவர் கல்லறைகளை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்ததால் அதோடு நின்றது. மெழுகுவர்த்தி ஏற்றும்போது தீக்குச்சி இரண்டை ஒடித்தேன். கோபத்தில்தான்.

பிள்ளை இல்லாத வீடு. அதற்காக அடிக்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு ஏற்கெனவே உண்டு. வால்வு மாற்றின உடம்புக்குப் பிள்ளை வேண்டாம், எனக்கு நீ போதும் என்று சொன்னது அவர். இதைப் போய் யாரிடம் சொல்ல?

மா.போ. அண்ணி இன்னொரு டப்பா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

நவ. 3, திங்கள்

பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். பிரஷ் மாற்ற வேண்டும்.

செல்வி என் முகத்தைப் பார்க்காமல் அரிசி களைகிறாள். அதட்டியதும் சொன்னாள். அண்ணன் காலையில் பள்ளிக்கூட வாசலில் அவளை நிறுத்திக் கேட்டானாம்.

"என்ன சொன்ன?"

"வழுக்கிட்டேன்னு டீச்சர் சொல்றாங்க. நானும் அப்டித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்னேன்."

கரண்டியைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டு நெளிந்தது. பிள்ளைகள் பயந்துபோய்ப் பார்த்தன. அவள் அழுதாள். "எனக்காக ஒருத்தரும் கேக்கல டீச்சர். உங்களுக்காச்சும் கேக்கட்டுமேன்னுதான்."

இவளை எப்படித் திட்டுவது?

அமலிடம் இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். "உங்கண்ணன்தானே, பேசிக்கலாம் விடு" என்றார். இதையும் கத்தித்தான் சொன்னார்.

நவ. 4, செவ்வாய்

எழுத வருகிறதா பார்க்கிறேன்.

மதியம், பிள்ளைகள் வரிசையில். பட்டறைப் பக்கமிருந்து ஆள் ஓடிவந்தது. செருப்பு கூடப் போடாமல் ஓடினேன்.

அண்ணன் மண்டி லோடுமேன்கள் இரண்டு பேர். தேங்காய் மூட்டை தூக்கும் தோள். அமலை இரண்டு பக்கமும் பிடித்து முட்டி போட வைத்திருந்தார்கள். மூக்கு ஒரு பக்கம் போயிருந்தது. சட்டை முழுக்க ரத்தம், கிரீஸ், சேறு. அண்ணன் கையில் வீல் ஸ்பேனர். அமலின் ஸ்பேனர். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிக் கொடுத்தது நான்.

"எந்தக் கைடா? இதுவா?"

அமலின் வலது கையை இழுத்து இன்ஜின் கட்டை மேல் வைத்தான். அமல் கையை இழுத்துக்கொள்ளவில்லை. "மச்சான், நான் அடிக்கல" என்று மட்டும் சொன்னார். மெதுவாக. வாழ்க்கையில் முதல் தடவையாக மெதுவாகப் பேசினார். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

ஸ்பேனர் இறங்கியது. அந்தச் சத்தம். முற்றிய முருங்கைக்காயை ஒடித்தால் வரும் சத்தம். இன்னொரு தடவையும் இறங்கியது.

நான் அண்ணன் முதுகில் ஏறி விழுந்தேன். முடியைப் பிடித்து இழுத்தேன், கடித்தேன், வாயில் அவன் வேர்வை. உதறினான். டிராக்டர் மட்கார்டில் வாய் மோதி உதடு கிழிந்தது.

"உனக்காகத்தான்டி பண்றேன்!"

"அவரு அடிக்கல! அடிக்கல! அடிக்கல!"

"எல்லாப் பொம்பளையும் இதத்தான்டி சொல்லும்."

சுற்றி நின்றவர்களில் ஒருத்தர் தலையாட்டினார். வரிசையில் டிராக்டர் விட்டிருந்தவர். அமல் ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்து கொடுத்தவர். தலையாட்டுகிறார்!

அவன் போகும்போது என்னிடம் சொன்னது: "இனிமே அந்தக் கை நீளாது."

அவனைக் கொல்ல வேண்டும் போலிருந்தது. இப்போதும் இருக்கிறது. கூடப் பிறந்தவன், அம்மா கல்லறைக்குச் சேர்ந்து சுண்ணாம்பு அடித்தவன், அவன் விரல்களை அந்தக் கட்டை மேல் வைத்து ஒவ்வொன்றாக. எழுதிவிட்டேன். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

ஆம்புலன்ஸில் தஞ்சாவூர். வழியெல்லாம் என் உதட்டில் துண்டை அழுத்திக்கொண்டே வந்தேன். சின்னக் கிழிசல். ஆஸ்பத்திரி வந்து, எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டு போட்டு முடிந்தும் ரத்தம் நிற்கவில்லை. துண்டு நனைந்து, முந்தானை நனைந்து. நான் அமலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸ் என்னைப் பார்த்தார்.

நவ. 5, புதன்

ஆஸ்பத்திரி வராந்தா. டீ, ஒரு பன். இந்தப் பக்கங்கள் பழைய கேஸ் சீட்டின் பின்புறம்.

நேற்று டூட்டி டாக்டர், சின்ன வயசுப் பெண், என்னைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். கையைப் பார்த்தார். முதுகைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. வீட்டுல யாராச்சும் அடிக்கிறாங்களா?"

வெடித்துவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. அடிக்கவில்லை என்று கத்தக் கத்த உதட்டிலிருந்து ரத்தம் அவர் வெள்ளைக் கோட்டில் தெறிக்கிறது. அவர் நகரவில்லை. நான் ஓய்ந்த பிறகு, "சரி, நம்பறேன். அப்ப வேற காரணம் இருக்கணும். என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றார்.

நம்பறேன். கல்லறைத் திருநாளிலிருந்து இதுவரை ஒருத்தரும் சொல்லாத வார்த்தை. அழுதேன். அவமானமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

பையைக் கவிழ்த்தேன். நெஞ்சு மாத்திரை அட்டை. சாவி. ஜெபமாலை. அன்னாசி டப்பா.

டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இது எவ்ளோ நாளா?"

"செப்டம்பர்ல மாதா பொறந்த நாள்லேர்ந்து. அது வெறும் பழம்தானே டாக்டர்?"

பழம்தான், ஆனால் சத்து மட்டும் பிரித்தெடுத்தது என்றார். தட்டில் ஒரு துண்டு அன்னாசி தின்பதும் இதுவும் ஒன்றல்ல. ஜீரணத்துக்குக் கொடுக்கிறார்கள், வீக்கத்துக்கும் கொடுக்கிறார்கள், நிறைய பேருக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் இதுவும் ரத்தத்தைக் கட்டவிடாமல் செய்யக்கூடியது. நான் ஏற்கெனவே அதற்கென்றே ஒரு மாத்திரையில் இருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் லேசாகத் தொட்டாலே உள்ளே கசிந்து நீலமாகும்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இருக்க வேண்டிய அளவைத் தாண்டி மெலிந்து கிடக்கிறது. "இந்த டப்பா மட்டும்தான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. டெஸ்டுக்கு வராம விட்டதும் தப்பு. ஆனா இதத் தொடவே கூடாது. இன்னொண்ணு கேளுங்க, இதே மாதிரி மண்டைக்குள்ள கசிஞ்சிருந்தா நீங்க இப்ப இங்க நின்னு என்னைத் திட்டிக்கிட்டிருக்க மாட்டீங்க."

டப்பாவின் அடியில் பொடி எழுத்து. ரத்தம் மெலிய மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்கவும் என்று இங்கிலீஷில். எறும்பு கூடக் கண்ணாடி போட்டுத்தான் படிக்க வேண்டும்.

அதாவது: அண்ணி கொடுத்த மாத்திரையில் என் உடம்பு நீலமானது. அந்த நீலத்துக்காக அண்ணன் என் புருஷன் கையை உடைத்தான்.

இதை எழுதிவிட்டு நாலு தடவை படித்தேன். சிரிப்பு வந்தது. பக்கத்துப் பாயில் படுத்திருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நவ. 6, வியாழன்

போலீஸ்காரர் வந்தார். அடிதடி கேஸ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய்விடுமாம். பேப்பரை விரித்துக்கொண்டு, "யாரு அடிச்சது, சொல்லுங்க" என்றார்.

அமல்: "யாரும் அடிக்கல சார். ஜாக்கி நழுவி இன்ஜின் கை மேல வுழுந்துடுச்சு."

"மூக்கு?"

"அதுலயே குப்புற வுழுந்தேன்."

போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்! ஒரு கேள்வி இல்லை, ஒரு பார்வை இல்லை. கையெழுத்துக்குப் பதில் இடது பெருவிரல். நம்பிவிட்டுப் போயே போய்விட்டார். நான் உண்மையைச் சொல்லித் தொண்டை கிழிந்தேன், ஒரு நாய் நம்பவில்லை.

அவர் போனதும் பிடித்துக்கொண்டேன். ஏன் பொய்? ஏன் அன்றைக்குத் திருப்பி ஒரு அடி அடிக்கவில்லை? கையைக் கட்டியா போட்டிருந்தார்கள் முதலில்?

"திருப்பி அடிச்சிருந்தா, பாத்தியா இவன் அடிக்கிறவன்தான்னு சொல்லியிருப்பானுங்க."

"போலீஸ்கிட்ட?"

"உங்கண்ணன் உள்ள போயிட்டா வருஷா வருஷம் யாரோட சுண்ணாம்பு அடிப்ப?"

எனக்கு அவரையும் ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. இவ்வளவு நல்லவனாக இருக்கச் சொல்லி யார் கேட்டது?

என் நெஞ்சு மாத்திரையை டாக்டர் அளவு மாற்றிக் கொடுத்திருக்கிறார். அன்னாசி கிடையாது. மா.போ.

நவ. 8, சனி

வீட்டுக்கு வந்தோம். அமலுக்கு மாத்திரைகள்: வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று. வீக்க மாத்திரை அட்டையைப் படித்தேன். படிக்காமல் இனி எதையும் விடுவதில்லை. அதிலும் அன்னாசிச் சத்து!

அட்டையை வாசல் சேற்றில் விட்டெறிந்தேன். அப்புறம் டாக்டருக்குப் போன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "அவருக்கு ரத்தம் மெலிய மருந்து எதுவும் இல்ல, ரத்தம் கசியற எடமும் இல்ல, பாத்துத்தான் எழுதியிருக்கேன். அவருக்கு வீக்கம் வடிய உதவும். உங்களுக்குத்தான் ஆகாது." சேற்றில் இறங்கித் தேடி எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். அதே பழம். அவருக்கு மருந்து, எனக்கு விஷம்.

அண்ணிக்குப் போன். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணியின் பதில்:

"எத்தன பேரு சாப்புடறாங்க ஜெசி, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆவலயே. பழம்தானே..."

இன்னொரு தடவை பழம் என்று சொன்னால் பட்டுக்கோட்டை வந்து டப்பா டப்பாவாக உன் வாயில் திணிப்பேன் என்றேன். அண்ணியை ஒருமையில் பேசியது இதுவே முதல் தடவை. யார் யாருக்குக் கொடுத்தாயோ, நெஞ்சு மாத்திரைக்காரர்கள் இருந்தால் ஒவ்வொருவரிடமும் போய் நிறுத்தச் சொல் என்றேன். அழுதாள். அழட்டும். ஒரு கிழவர் பெயரைச் சொன்னாள், ஸ்டென்ட் வைத்தவராம். "இப்பவே ஓடு" என்றேன்.

நவ. 12, புதன்

வெயில். பட்டறை பூட்டியே கிடக்கிறது. டிராக்டர்கள் வல்லம் பட்டறைக்குப் போய்விட்டன. விரல் பழையபடி மடங்குமா என்று தெரியப் பல மாதமாகுமாம். நட்டைத் தொட்டுப் பார்த்தே அளவு சொல்கிற விரல்கள்.

என் நீலமெல்லாம் மஞ்சளாகி வடிகிறது. அதுதான் வயிற்றெரிச்சல். என்னுடையது தானாக மறைகிறது.

அமல் என்னைத் தொடுவதில்லை. சோறு ஊட்டும்போது கூட முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்கிறார். சமையலறையில் நான் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி வழி விடுகிறார். தலையணையை நடுவில் வைத்திருக்கிறார். கேட்டதற்கு, "பட்டா கன்னிப் போயிடும்டி" என்றார். மெதுவாக. இப்போதெல்லாம் எல்லாமே மெதுவாகத்தான். எதிர் ஜன்னல் திறப்பதே இல்லை.

அந்தக் கத்தல் எனக்கு வேண்டும். அந்தக் கை எனக்கு வேண்டும்.

செல்வியிடம் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "சரிங்க டீச்சர்" என்றாள். இப்போதும் நம்பவில்லை.

மா.போ.

நவ. 16, ஞாயிறு

பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் கார். அண்ணன் மட்டும். கையில் ஆப்பிள் பை. அண்ணி காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அமல் எழுந்து நாற்காலியை இடது கையால் தள்ளி, "வாங்க மச்சான், உக்காருங்க" என்றார். எனக்கு உச்சந்தலை சுட்டது.

அண்ணன் உட்கார்ந்தான். மாவுக்கட்டைப் பார்த்தான், சுவர்க் காலண்டரைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான். மன்னிப்பு என்ற வார்த்தை வரும், வந்ததும் அழுதுவிடுவேன், அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"நீ மொதல்லயே வெளக்கமாச் சொல்லியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது ஜெசி."

அறைந்தேன்.

யோசிக்கவில்லை. முழங்கையிலிருந்து, தோளிலிருந்து, கல்லறையிலிருந்து வந்த அறை. மீன் செதில் ஒட்டிய கை. நாற்காலியோடு சாய்ந்தான். ஆப்பிள் உருண்டது. எழுந்தான், இரண்டாவது அறை. அவன் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. என் முகத்துக்கு நேரே, அவன் கை. அவனே அதைப் பார்த்தான்.

"அடிண்ணே. நம்ம வீட்டுல கை நீட்டறது யாருன்னு ஊரு பாக்கட்டும்."

எதிர் ஜன்னல் திறந்திருந்தது.

கையை இறக்கினான். வாய் கோணியது. நின்றபடியே அழுதான், அம்மா போன அன்றைக்கு அழுததுபோல். அமல் பக்கம் திரும்பி, "மாப்ள..." என்றான். அமல் தலையாட்டினார். நான் ஆட்டவில்லை. கார் போய்விட்டது. ஆப்பிளை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மீனை வைத்துவிட்டுக் கை கழுவும்போது பார்த்தேன். வலது உள்ளங்கை, விரலடியிலிருந்து மணிக்கட்டு வரை, நீலம் ஏறிக்கொண்டிருக்கிறது.

அமலும் பார்த்தார். பிரிட்ஜைத் திறந்து ஐஸ் எடுத்துத் துண்டில் போட்டார். இடது கையால் முடிச்சுப் போட வரவில்லை, பல்லால் போட்டார். என் கையை எடுத்துத் தன் மாவுக்கட்டின் மேல் வைத்து ஐஸை அழுத்தினார். பிறகு ஒரு கத்தல், தெருவே கேட்கும்படி:

"அறிவிருக்காடி உனக்கு! இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு யாராச்சும் கை நீட்டுவாங்களா!"

நாளை செல்வி இந்தக் கையைப் பார்த்துவிட்டு யாரு டீச்சர் என்பாள். நான் அடித்ததில் வந்தது என்று சொல்லப் போகிறேன்.